மேடையில் நின்ற சாட்சிகள்: கன்வர்ஷன் தெரபித் தலைவர்களின் வாக்குமூலமும் டர்பன் தமிழர் வீடுகளும்

தன்பாலீர்ப்பிலிருந்து எதிர்பாலீர்ப்புக்கு மாறிய ஓர் ஆணைக்கூடத் தாம் சந்தித்ததில்லை என்று 2011 அக்டோபரில் ஜான் ஸ்மிட் எழுதினார். இதை எழுதியவர் எதிர்முகாமைச் சேர்ந்தவராக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால், ஸ்மிட் 1990 முதல் 2008 வரை ‘லவ் இன் ஆக்‌ஷன்’ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பின் இயக்குநராக இருந்தவர். தன்பாலீர்ப்பு உடையவர்களைத் தங்க வைத்து, விதிமுறைகளுக்கு உட்படுத்தி, ஜெபத்தாலும் குழுப் பேச்சாலும் மாற்றிக் காட்டுவதாகச் சொன்ன அமைப்பு அது. தாமே அப்படி மாறியவர் என்பதுதான் அவருடைய தகுதியாக இருந்தது. ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, அந்தத் திருமணத்தையே சாட்சியாக வைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர், 2014இல் ஓர் ஆணை மணந்துகொண்டார்.

இத்தகைய வாக்குமூலங்கள் அமெரிக்காவில் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை மனம் திருந்திய கதைகளாக வாசிப்பது எளிது. செய்தித்தாள்களும் பெரும்பாலும் அப்படித்தான் வெளியிட்டன. ஆனால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் ஆகிய பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றிலிருந்து கிடைக்கக்கூடியது வேறொன்று. ஒரு பொய்யான சிகிச்சை எவ்வாறு இத்தனை காலம் வெற்றி பெற்றதுபோலத் தோற்றமளித்தது என்பதை உள்ளிருந்து விளக்கும் ஆவணங்கள் இவை. அந்த விளக்கம் நமக்குத் தேவைப்படுகிறது. ஏனெனில், அதே முயற்சி இங்கும் நடக்கிறது. பெயர்ப்பலகையும் கட்டண ரசீதும் இல்லாமல் நடக்கிறது.

முதலில் சில அடிப்படைகள். ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றவும் அடக்கவும் செய்யப்படும் முயற்சிகள் அனைத்தும் கன்வர்ஷன் தெரபி என்ற பெயருக்குள் அடங்கும். அவற்றில் மின்னதிர்ச்சியும் உண்டு, மனநல ஆலோசனை என்ற பெயரிலான நீண்ட உரையாடலும் உண்டு, பேயோட்டும் ஜெபமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் அதையே செய்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைப் பரிசீலித்து 2009இல் அளித்த அறிக்கையில், இம்முயற்சிகள் பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் தீங்கு விளையக்கூடும் என்றும் கூறியது. இவ்விஷயத்தில் மருத்துவ உலகில் இன்று பெரிய கருத்து வேறுபாடு எதுவும் இல்லை.

வரலாற்றைப் பார்த்தால், மறுப்பு தொடக்கத்திலிருந்தே உடன் வந்திருப்பது தெரிகிறது. லவ் இன் ஆக்‌ஷன் 1973இல் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் எவன்ஸ் சில ஆண்டுகளிலேயே விலகி, இது மனிதர்களின் வாழ்க்கையை அழிக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். இத்தகைய ஊழியங்களை, அதாவது கிறிஸ்தவ சமயப் பணி அமைப்புகளை, ஒன்றிணைத்த ‘எக்ஸோடஸ்’ அமைப்பு 1976இல் அதே மாநிலத்தில் பிறந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி, உடன் பணியாற்றிய கேரி கூப்பருடன் காதல் கொண்டு 1979இல் வெளியேறினார். அதாவது, அமைப்பு தொடங்கி மூன்றே ஆண்டுகளில் நிறுவனர் ஒருவரே இது பலிக்கவில்லை என்று கூறிவிட்டார். ஆயினும் எக்ஸோடஸ் அதன்பின் 34 ஆண்டுகள் நீடித்தது, வளர்ந்தது, வட அமெரிக்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியங்களை இணைத்துக்கொண்டது. பஸ்ஸி 2007இல், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய ஊழியங்களை நடத்திய வேறு இருவருடன் சேர்ந்து பொது மன்னிப்புக் கேட்டார். அப்போதும் அது நிற்கவில்லை.

உண்மை இவ்வளவு சீக்கிரம் வெளிப்பட்டும் அமைப்பு ஏன் சரியவில்லை? இக்கேள்விக்கான விடை, அந்த அமைப்புகளில் தலைவர் ஒருவர் உருவாகும் முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீரிழிவுக்கு மருத்துவம் பார்ப்பவருக்கு நீரிழிவு இருந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய தகுதி படிப்பிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் வருகிறது. மருந்து பலிக்கவில்லை என்று அறிந்தால் அவர் மருந்தை மாற்றலாம், அதனால் அவர் வேலை போகாது. கன்வர்ஷன் தெரபி ஊழியங்களில் நிலைமை நேர்மாறு. ‘நான் அப்படி இருந்தேன், இப்போது இல்லை’ என்ற சாட்சியே அங்கே பட்டமும் உரிமமும். சாட்சியை நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் குழுத் தலைவராகிறார், குழுத் தலைவர் பேச்சாளராகிறார், பேச்சாளர் இயக்குநராகிறார். ஒவ்வொரு படியிலும் சம்பளமும் வீடும் திருமணமும் நட்பு வட்டமும் அந்த ஒரே வாக்கியத்தின்மேல் எழுப்பப்படுகின்றன. ஐயம் எழும்போது அதைச் சொல்வதற்கான இடம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. சொன்னால் நம்பிக்கையோடு சேர்ந்து பிழைப்பும் போய்விடும்.

ஜான் பால்க்கின் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1998 ஆகஸ்டில் ‘நியூஸ்வீக்’ இதழின் அட்டையில் அவரும் அவருடைய மனைவி ஆனும் ஒன்றாக நின்றார்கள். ‘மாறிய’ ஆணும் ‘மாறிய’ பெண்ணும் இணைந்த தம்பதி என்று நாடெங்கும் அறியப்பட்டார்கள். ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’ என்ற பெரிய கிறிஸ்தவ நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சென்று ‘லவ் வன் அவுட்’ என்ற மாநாடுகளை அவர் நடத்தினார். 2000 செப்டம்பரில் வாஷிங்டன் நகரில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் அவரை அடையாளம் கண்ட செயற்பாட்டாளர் ஒருவர் படமெடுத்துவிட்டார். அப்போது பால்க் எக்ஸோடஸ் நிர்வாகக் குழுவின் தலைவர். கழிப்பறையைப் பயன்படுத்தவே உள்ளே சென்றதாக முதலில் சொன்னார். பிறகு அது உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டார். தலைவர் பதவி போனது. ஆனால், மாநாட்டு மேடை உடனே போகவில்லை. இந்தச் சிகிச்சை யாரையும் மாற்றுவதில்லை, பலருக்குப் பெருந்தீங்கு செய்கிறது என்று அவர் முறையாக எழுதி மன்னிப்புக் கேட்டது 2013 ஏப்ரலில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கான அளவுகோலைத் தேவைக்கேற்ப இறக்கிக்கொண்டே போகலாம். சேர வரும் இளைஞனுக்கும் அவன் பெற்றோருக்கும் அது ஈர்ப்பே மாறிவிடுதல் என்று கேட்கும். ஆறு மாதம் கழித்து அது ஈர்ப்பின்படி நடக்காமல் இருத்தல் என்றாகும். அதுவும் தவறினால், தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பதே போதும் என்றாகும். கடைசிப் படியில் ஒருவன் எதுவும் மாறாமலேயே ‘மாறியவன்’ ஆகிவிடலாம். மேடையில் சாட்சி சொன்ன பலர் தங்களளவில் பொய் சொல்லவில்லை என்று நம்ப இடமிருப்பது இதனால்தான். சொன்னவர் ஒரு பொருளில் சொன்னார், கேட்ட தாயும் தகப்பனும் வேறொரு பொருளில் கேட்டுவிட்டுப் பணம் கட்டினார்கள்.

இதே வலையில் விஞ்ஞானி ஒருவரும் விழுந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ராபர்ட் ஸ்பிட்சர், 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன்னின்ற மனநல மருத்துவர். அவரே 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தீவிர விருப்பமுள்ள சிலரால் மாற முடிகிறது என்று எழுதினார். மாறியதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு எழுதப்பட்ட ஆய்வு அது. அவர்களில் பலர் இந்த ஊழியங்களின் வழியாகவும் இச்சிகிச்சையை ஆதரித்த மருத்துவர்களின் வழியாகவும் வந்தவர்கள். உலகெங்கும் போதகர்கள் அந்த ஆய்வைக் கையில் ஏந்திக்கொண்டார்கள். 2012இல், எண்பது வயதை எட்டிய நிலையில், ஸ்பிட்சர் அதே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். பேட்டி கொடுத்தவர்கள் சொன்னது உண்மையா என்று சோதிக்க எந்த வழியும் தம்மிடம் இருக்கவில்லை, அதுவே ஆய்வைக் கொல்லும் குறை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். மேடையின் குறையும் ஆய்வின் குறையும் ஒன்றே: சாட்சியைத் தவிர வேறு சான்று இல்லை.

எக்ஸோடஸின் கடைசித் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் அந்த அமைப்பை 2001 முதல் நடத்தினார். 2012 ஜனவரியில் ஒரு கூட்டத்தில், தாம் சந்தித்தவர்களில் 99.9 சதவீதத்தினர் ஈர்ப்பில் மாற்றம் எதையும் அடையவில்லை என்று அவர் சொன்னபோதே கதை முடிந்துவிட்டது எனலாம். 2013 ஜூன் 19 அன்று அமைப்பு மூடப்படுவதாக அறிவித்தார். அத்துடன் வெளியான மன்னிப்புக் கடிதத்தில் இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. தமக்குள் தொடர்ந்து இருந்துவந்த ஈர்ப்பைப் பல ஆண்டுகள் வசதியாகச் சொல்லாமல் விட்டதை அவர் ஒப்புக்கொண்டார். பெற்றோர்களின்மேல் பழி சுமத்திய கோட்பாடுகளைப் பரப்பியதற்காகவும் வருந்தினார்.

இந்த இரண்டாவது இடம் நம்மவர்களுக்கு நெருக்கமானது. விலகி நின்ற தகப்பன், ஒட்டிக்கொண்ட தாய், அதனால் பிள்ளை தன்பாலீர்ப்பாளன் ஆனான் என்பது அந்தக் கோட்பாட்டின் சுருக்கம். டர்பனில் இதை யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. ‘நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’ என்று மாமியாரும் நாத்தனாரும் தாயைக் குற்றம் சாட்டுவது எப்போதும் உள்ளதுதான். தகப்பனின் தூரம்தான் காரணம் என்றால், ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஷிப்டு வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பிய ஒரு தலைமுறைத் தகப்பன்மாரின் மகன்கள் அனைவரும் அப்படி ஆகியிருக்க வேண்டும். கோட்பாட்டின் லட்சணம் அவ்வளவுதான்.

சேம்பர்ஸின் மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. மூடல் அறிவிப்பை ஒட்டி ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில், எக்ஸோடஸின் வழியாக வந்து உடைந்துபோனவர்கள் அவர் முன்னால் அமர்ந்து தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள்; மன்னிப்பு மட்டும் போதாது என்றும் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. தாய் அமைப்பு மூடப்பட்டாலும், கிளை ஊழியங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே பிரிந்து 2012இல் ‘ரெஸ்டோர்ட் ஹோப் நெட்வொர்க்’ என்ற பெயரில் கூடியிருந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர், நியூஸ்வீக் அட்டையில் ஜான் பால்க்கின் அருகே நின்ற அதே ஆன் பால்க். பன்னாட்டளவில் இயங்கிய எக்ஸோடஸ் கூட்டணியும் தனியே தொடர்ந்தது. தென் கரோலினாவில் 1999இல் இத்தகைய ஊழியமொன்றைத் தொடங்கிப் பெரிய வலையமைப்பாக வளர்த்த மெக்ரே கேம், தம் சொந்த நிர்வாகக் குழுவால் நீக்கப்பட்ட பிறகு 2019இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்தி மன்னிப்புக் கேட்டார். ஒருவர் வெளியேறும்போது அவர் இடத்தில் இன்னொருவர் அமர்ந்துகொள்வது இந்த வரலாறு முழுவதும் காணப்படும் வழக்கம்.

இந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப்போனவர்கள் மனைவிமார். ‘மாறிய’ ஆணுக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட பெண், தன்னை விரும்ப முடியாத ஒருவருடன் பத்து இருபது ஆண்டுகள் வாழ்ந்து, அதற்கான குறையைத் தன்னிடத்திலேயே தேடியிருப்பாள். மன்னிப்புக் கடிதங்களில் அவளுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். சேம்பர்ஸைப் போலத் தம் மனைவியுடன் விருப்பத்தோடு தொடர்ந்து வாழ்பவர்களும் உண்டு; அது அவர்கள் இருவரும் உண்மையைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு. தெரியாமல் மணமேடையில் உட்கார வைக்கப்பட்டவளின் நிலை அதுவன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் இச்சிகிச்சையின் மிகக் கொடிய வடிவத்தை நடத்தியது அரசாங்கத்தின் இராணுவம். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1971 முதல் 1989 வரை, பிரிட்டோரியாவை அடுத்த வூர்ட்டிரெக்கர்ஹூக்டாவில் இருந்த முதலாம் இராணுவ மருத்துவமனையின் 22ஆம் வார்டிலும் பிற இடங்களிலும், தன்பாலீர்ப்பாளர்கள் என்று கண்டறியப்பட்ட சிப்பாய்கள் ‘சிகிச்சை’க்கு உட்படுத்தப்பட்டார்கள். ஆண்களின் படங்களைக் காட்டும்போது கையில் மின்சாரம் பாய்ச்சுவதும், வலி தாங்காமல் கதறும்வரை அதைக் கூட்டுவதும், பிறகு பெண்ணின் படத்தைக் காட்டி ஆறுதலாகப் பேசுவதும் அதன் முறை. இதற்குத் தலைமை வகித்த மனநல மருத்துவர் ஆப்ரி லெவின். தன்பாலீர்ப்புக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்குவது குறித்து நாடாளுமன்றக் குழு 1968இல் ஆராய்ந்தபோது, தம்மால் இவர்களைக் குணப்படுத்த முடியும் என்று கடிதம் எழுதியவர். இந்த வார்டில் நடந்தவற்றை ஆராய்ந்த அறிக்கை 1999இல் வெளிவந்தது. லெவின் அதற்கு முன்பே, 1995இல், கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். யாரையும் வற்புறுத்தவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. கடைசியில் அவரைச் சிறைக்கு அனுப்பியது 22ஆம் வார்டு அன்று. கனடாவில் தம்மிடம் அனுப்பப்பட்ட ஆண் நோயாளிகள் மூவரைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திய குற்றத்துக்காக 2013இல் அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஸ்மிட்டையும் லெவினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் மறுக்கிறார், யார் மறுப்பதில்லை என்பது ஓரளவு புரிகிறது. ஊழியத் தலைவர்கள் தாங்களே அந்த ஈர்ப்பு உடையவர்கள்; மற்றவர்களுக்கு விதித்ததைத் தங்களுக்கும் விதித்துக்கொண்டவர்கள்; எனவே, அது பலிக்கவில்லை என்பதைத் தினந்தோறும் தங்கள் உடம்பிலேயே அறிந்தவர்கள். இராணுவ மருத்துவருக்கு அப்படி எந்த உள்சாட்சியும் தேவைப்படவில்லை. அவருடைய பதவி அரசாங்கம் கொடுத்தது. நோயாளி மாறினாலும் மாறாவிட்டாலும் அது போகப்போவதில்லை.

அக்காலத்தில் கட்டாய இராணுவச் சேவை வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. அதனால் நம் பிள்ளைகள் அந்த வார்டுக்குள் அகப்படவில்லை. நிறவெறியால் இந்தியர்களுக்குக் கிடைத்த தற்செயலான தப்பித்தல்களில் இதுவும் ஒன்று. ஆனால், இந்தத் தற்செயலுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: கன்வர்ஷன் தெரபி என்றாலே அது வெள்ளைக்காரர்களின் இராணுவக் கதை, அல்லது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் கதை என்ற எண்ணம் நம்மிடையே படிந்துவிட்டது.

குடியிருப்பிடங்களை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டபோது, கோயிலும் உறவும் சிதறிப்போன அந்த இடத்தில் பெந்தெகொஸ்தே சபைகள் வேகமாக வளர்ந்தன. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் நோய் தீர்ந்ததாக உணர்ந்தவர்களும் அச்சபைகளுக்குப் பெருமளவில் சென்றார்கள். அவற்றால் நிமிர்ந்த குடும்பங்கள் பல. சாட்சி சொல்லும் மரபு அங்கே உயிர்நாடி. குடியை விட்டதற்குச் சாட்சி சொல்லும் அதே மேடையில், பாலீர்ப்பு மாறியதற்கும் சாட்சி எதிர்பார்க்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிள்ளையின் விஷயம் தெரிந்ததும் பெற்றோர் முதலில் போவது பாஸ்டரிடம். அவர் அதை ஆவியின் கட்டு என்கிறார். உபவாசம், விடுவிப்பு ஜெபம், வாரக்கணக்கில் கண்காணிப்பு என்று தொடர்கிறது.

இந்துக் குடும்பங்கள் இதைக் கிறிஸ்தவர்களின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. செய்வினை என்று சொல்லிச் சாமி பார்க்கிறவரிடம் அழைத்துச் செல்வதும், கயிறு கட்டுவதும், வேப்பிலை அடிப்பதும், அடுத்த ஆண்டு காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்வதும் அதே நோக்கத்துக்காகச் செய்யப்படும்போது அவையும் கன்வர்ஷன் தெரபிதான். இரண்டு தரப்பாரும் கடைசியில் வந்து சேரும் இடமும் ஒன்றே: ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிப்போய்விடும்’ என்ற பெரியம்மாவின் தீர்ப்பு. கறுப்பினக் குடியிருப்புகளில், பெண்ணை ‘நேராக்க’ என்று சொல்லி வன்புணர்வும் கொலையும் நடந்திருப்பதை இந்த நாடே அறியும். நம் வீடுகளில் நடப்பது சத்தமில்லாதது. சத்தமில்லாததாலேயே அது பாசம் என்று எண்ணப்படுகிறது.

அந்தப் பாசத்தின் விளைவை அளந்த ஆய்வு ஒன்று உண்டு. கேட்லின் ரையனும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவில் 21 முதல் 25 வயதுக்குட்பட்ட 245 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட அவ்வாய்வில், வளரிளம் பருவத்தில் மாற்ற முயற்சி எதற்கும் ஆளாகாதவர்களில் 22 சதவீதத்தினர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பெற்றோர் வீட்டிலேயே மாற்ற முயன்றவர்களிடையே அது 48 சதவீதம். வீட்டு முயற்சியோடு வெளியே சிகிச்சையாளரிடமோ மதத் தலைவரிடமோ அனுப்பப்பட்டவர்களிடையே 63 சதவீதம். கலிபோர்னியா எண்களை அப்படியே டர்பனுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால், இங்கே கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள எண். எந்த அமைப்பும் இல்லாமல், எந்த நிபுணரும் இல்லாமல், தாயும் தகப்பனும் மட்டும் செய்தாலே தீங்கின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது.

அமெரிக்க வாக்குமூலங்களை இங்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். எக்ஸோடஸுக்குத் தலைவர் இருந்தார், வங்கிக் கணக்கு இருந்தது, மாநாடு இருந்தது. ஆகவே ஒருநாள் அதை மூட முடிந்தது. நியூஜெர்சியில் இத்தகைய அமைப்பு ஒன்றின்மேல் வழக்குத் தொடுத்தவர்கள் 2015இல் வெற்றி பெற்றது நுகர்வோர் மோசடிச் சட்டத்தின் கீழ். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து கட்டணம் வாங்கியது அங்கே பிடியாக அமைந்தது. சாட்ஸ்வர்த்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு பக்கத்து அறையில் நடக்கும் ஜெபத்துக்கு ரசீது கிடையாது. திருமணத்தை முடித்து வைத்த மாமாவுக்கு எந்தப் பதவியும் கிடையாது. மூடுவதற்கு அலுவலகம் இல்லாதபோது, மூடுவதாக அறிவிப்பவரும் வரமாட்டார்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பிலேயே தடுத்த முதல் நாடு நம்முடையது. 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 12ஆம் பிரிவு உடலோடு மனத்தின் நலத்துக்கும் உரிமை தருகிறது. ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம் என்ற பழைய சட்டத்தை 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2006 முதல் ஒருபால் திருமணம் சட்டபூர்வமானது. உலக அளவிலும் இந்த உரிமைக்காகப் பேசியவர்களில் நம் ஊர்ப் பெண் ஒருவர் முன்னணியில் இருந்தார். கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையராக இருந்தபோது, எக்ஸோடஸ் மூடப்பட்ட மறுமாதமே, 2013 ஜூலையில், கேப்டவுனில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுடன் சேர்ந்து தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் சம உரிமைக்கான உலகப் பிரசாரத்தைத் தொடங்கி வைத்தார். இவ்வளவு இருந்தும், கன்வர்ஷன் தெரபியைத் தடை செய்யும் தனிச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இயற்றப்படவில்லை. தென்னாப்பிரிக்க உளவியல் சங்கம் 2013இல் நிலைப்பாட்டு அறிக்கையையும் 2017இல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. உளவியலாளர்கள் அவற்றைப் பின்பற்றுவார்கள். பாஸ்டர்களுக்கும் பூசாரிகளுக்கும் அவை எட்டாது. மதத் தலைவர்களுக்குப் பதிவு முறை வேண்டும் என்று பண்பாட்டு, மத, மொழிச் சமூகங்களின் உரிமை ஆணையம் செய்த பரிந்துரையும் சபைகளின் கடும் எதிர்ப்பால் சட்டமாகவில்லை.

தமிழ் பேசும் உலகின் பிற மூலைகளில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவு, மருத்துவத்தின் பெயரால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடுத்தது. தமக்கு இவ்விஷயத்தில் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் எழுதிய உத்தரவு அது. நமக்கு அருகிலுள்ள, பிரான்சின் பகுதியான ரெயூனியன் தீவில், பிரான்ஸ் 2022 ஜனவரியில் இயற்றிய சட்டம் பொருந்தும்: மாற்ற முயல்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 30,000 யூரோ அபராதமும் உண்டு, பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தாலோ செய்தவர் பெற்றோராக இருந்தாலோ தண்டனை இன்னும் கூடும். ஜெர்மனியின் 2020ஆம் ஆண்டுச் சட்டம், தங்கள் கடமையை மிகக் கடுமையாக மீறினாலொழியப் பெற்றோரைத் தண்டிப்பதில்லை. வீட்டு வாசலை எவ்வளவு தாண்டலாம் என்பதில் ஐரோப்பிய நாடுகளே ஒருமித்துப்போகவில்லை. பெற்றோரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இங்கே வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். அந்தப் பயத்திலேயே பிள்ளைகள் புகார் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். சிறாருக்கு இதைச் செய்யும் போதகரையும் சாமி பார்க்கிறவரையும் பொறுப்பாக்கும் சட்டம் வேறு விஷயம். அதற்கான அடித்தளம் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவிலும், குழந்தையின் நலனே முதன்மை என்று கூறும் 28ஆம் பிரிவிலும் ஏற்கெனவே இருக்கிறது.

சட்டம் வரும்வரை, அமெரிக்கத் தலைவர்களின் வாக்குமூலங்கள் ஒரு குடும்பத்தின் கையில் சில கேள்விகளைக் கொடுக்கின்றன. நீங்கள் ஜெபித்தவர்களில் யார் மாறினார்? எதை மாற்றம் என்று சொல்கிறீர்கள்: ஈர்ப்பையா, நடத்தையையா, வெளியே சொல்லாமல் இருப்பதையா? ஐந்தாண்டு கழித்து அவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார்? சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கும் கேள்விகளைவிட இவை கடுமையானவை அல்ல. பாஸ்டரிடமோ பூசாரியிடமோ இவற்றைக் கேட்பது அவமரியாதை என்று வளர்க்கப்பட்டதால்தான் கேட்காமல் இருக்கிறோம்.

இந்த ஊரிலும் சத்தமில்லாமல் இதைக் கைவிட்ட போதகர்கள் இருக்கக்கூடும். பலன் இல்லை என்று கண்டு, வருகிற பெற்றோரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுபவர்களாக அவர்கள் இருக்கலாம். ஆனால், முன்பு அவர்களிடம் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில், குறை பிள்ளையின் விசுவாசத்தில்தான் இருந்தது என்ற பழைய தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஸ்மிட்டும் சேம்பர்ஸும் தங்கள் மறுப்பை அறிக்கைகளாக வெளியிட்டால் போதுமாக இருந்தது, ஏனெனில் அவர்களுடைய வாக்குறுதிகளும் அப்படித்தான் வெளியாகியிருந்தன. சாட்ஸ்வர்த்தில் வாக்குறுதி கொடுக்கப்பட்டது சபை கூடியிருக்கும்போது, பிள்ளையின் தலைமேல் கை வைத்து, பெயர் சொல்லி. அதை இனி யாரேனும் திரும்பப் பெறுவதாக இருந்தால், அதே சபையின் முன்னால் நின்றே திரும்பப் பெற வேண்டியிருக்கும்.